பீரோவுக்குப் பொறத்தால கத்திரிப்பூ

அந்த பீரோவை மட்டும் தொட வேண்டாங்க தம்பி. கட்டலை வேணா ஹாலுக்கு இழுத்துப் போட்டுக்கங்க, மேசையைத் தூக்கிக்கங்க, காத்தாடியைக் கழட்டோணும்னாலும் கழட்டிக்கங்க. பீரோ இருக்கற எடத்துலயே இருக்கட்டும். சுத்தியும் பெயிண்டை அடிச்சு உட்டுருங்க. பொறத்தால யாரு வந்து எட்டிப் பாக்கப் போறாங்க? பெருந்துறையில எந்த ஊட்டுக்குள்ள போனாலும் பீரோவுக்குப் பொறத்தால பழைய கலருதான் இருக்கும். இல்லீங்களா? நாலு ஊடு பாத்தவுங்க நீங்க, உங்களுக்குத் தெரியாததா.

வெள்ளிக்கெழமை தாராபுரத்துல இருந்து ஒறம்பரை வர்றாங்க. எம்பட பையன் பூபதிக்குப் பொண்ணு குடுக்கறவங்க. பொண்ணு பாத்தாச்சுங்க, எங்களுக்குப் புடிச்சுப் போச்சு. இனி அவங்க வந்து ஊடு பாக்கோணும். ஊடு பாக்க வர்றவங்க மொதல்ல எதைப் பாப்பாங்க? சுவத்தைத்தான். அதும் ரெண்டாங் கல்யாணம், கண்ணுல வெளக்கெண்ணெய் உட்டுக்கிட்டுப் பாப்பாங்க. அதுக்குள்ள இந்த ரூமு சந்தனக் கலருல பளிச்சுன்னு ஆயிரோணும். என்ன செலவானாலும் ஆவட்டும்.

இப்பவும் சந்தனந்தானே அடிச்சிருக்குன்னு பாக்கறீங்களா? ஆமாங்க. மூணு தடவ அடிச்சாச்சு. மூணு பெயிண்டரு வந்துட்டுப் போயாச்சு. அடிச்சு முடிச்சதும் நல்லாத்தான் இருக்கும். நாலு மாசம் கழிச்சு, மத்தியானம் மேக்க வெயிலு அந்த ஜன்னல்ல எறங்கும் பாருங்க, அப்பத் தெரியும். அதா, சுவிட்சுக்கு மேல. அடியில இருந்து ஊறிட்டு வர்ற மாதிரி. உங்களுக்குத் தெரியுதுங்களா? தெரியுதா? அப்பாடா. எனக்கு மட்டுந்தான் தெரியுதோன்னு பயந்துட்டு இருந்தேன். பூபதிகிட்டக் கேட்டா "எனக்கு ஒண்ணும் தெரியலீங்கம்மா"ன்னு சுவத்தைப் பாக்காமயே சொல்லுவான்.

கலருக்கு அடியில பிரைமரு அடிக்கலையா? அதெல்லாம் எனக்கென்னங்க தெரியும். அடிச்சமுன்னுதான் சொன்னாங்க. நீங்க சொல்றாப்ல அவங்க ஏமாத்தியிருந்தாலும் இருக்கலாம். ஆனா தம்பி, மூணு பேருமா ஏமாத்துவாங்க?

கீழ என்ன கலருன்னு கேக்கறீங்க. கத்திரிப்பூக் கலரு. அதுலயும் பளிச்சுன்னு இருக்கற கத்திரிப்பூ இல்லீங்க. செடியிலயே காஞ்சு ரெண்டு நாளு வெயில் பட்ட பூவு, சாம்பலைத் தொட்டுத் தடவுனாப்ல இருக்குமே, அந்தக் கலரு. நல்ல கலருன்னும் சொல்ல முடியாது, கெட்ட கலருன்னும் சொல்ல முடியாது. பாத்துட்டே இருந்தா பேச்சு நின்னு போயிரும். நான் கத்திரிக்கா வாங்கறதையே உட்டு ரெண்டு வருசம் ஆச்சுங்க. பூபதிக்கு எண்ணெக் கத்திரிக்கான்னா உசுரு. அவனும் கேக்கறதில்லை, நானும் வெக்கறதில்லை.

யாரு அடிச்சாங்கன்னா, மருமகதான். மொத மருமக. இந்துஜான்னு பேரு. காங்கேயத்துக்குப் பக்கம் அவ ஊரு. இருங்க, செத்துப் போயிட்டாளான்னு மூஞ்சியப் பாத்துக் கேக்காதீங்க, எல்லாருமு அப்படித்தான் கேக்கறாங்க. நல்லாத்தான் இருக்கா. திருப்பூர்ல கம்பெனியில வேலைக்குப் போறாளாம். பேப்பர்ல கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டா. ஒரு வார்த்தை யாரையும் குத்தஞ் சொல்லலீங்க. அது வரைக்கும் நல்ல புள்ளைன்னுதான் சொல்லோணும். நானா இருந்தா ஊரைக் கூட்டியிருப்பேன்.

அவளுக்கு எந்நேரமும் போன்ல ஊடு பாக்கற வேலை. அடுத்தவங்க ஊடு. இங்க சோபா, அங்க பூந்தொட்டின்னு. ஒரு நாளு கடையில இருந்து அட்டை வாங்கிட்டு வந்து எங்கிட்டக் காட்டுனா, கலரு கலரா கட்டம் போட்ட அட்டை. "அத்தை, எங்க ரூமுக்கு இதை அடிச்சுக்கட்டுங்களா?"ன்னா. இங்கிலீசுல என்னமோ பேரு போட்டிருந்துச்சு. நான் சொன்னேன், "இது எழவூட்டுக் கலரு சாமி. ஊடுன்னா மஞ்சளா மங்களமா இருக்கோணும்." அட்டையை மடிச்சு ஜாக்கெட்டுக்குள்ள வெச்சுக்கிட்டா. சிரிச்சா. நான் வேண்டாமுன்னு சொன்னா சிரிக்கறது, அது அவளுக்கு ஒரு பழக்கம். அந்தச் சிரிப்பைக் கண்டாலே எனக்கு ஆவாதுங்க. மனசுல வெச்சுச் சொல்லலை, உள்ளதைச் சொல்றேன்.

அந்தத் தைப்பூசத்துக்கு நான் பழனிக்கு நடந்து போயிருந்தேன். வருசா வருசம் போறதுதானுங்க, பதினெட்டு வருசமா. நாலு நாளு நடை, தரிசனம் முடிச்சுட்டு பஸ்ஸேறி வந்துருவோம். நான் அந்தப் பக்கம் காலெடுத்து வெச்சதும் இவ இந்தப் பக்கம் டப்பாவைத் தொறந்துட்டா. ஆளு வெக்கலை. அவளே அடிச்சிருக்கா, உருளையை வெச்சு. பக்கத்தூட்டு ஈஸ்வரிதான் கூடமாட. அடிக்கறதுக்காக எம்பட பீரோவை சுவத்துல இருந்து இழுத்து நடு ரூமுல நிக்க வெச்சிருக்காங்க ரெண்டு பேரும்.

இது வெறும் பீரோ இல்லீங்க தம்பி. எனக்கு எங்கப்பாரு சீருல வெச்சது. லாரியில வந்து எறங்கினப்ப தெருவே நின்னு பாத்துச்சு. அன்னைக்கு எங்க மாமனாரு இந்தச் சுவத்தைக் காட்டுனாரு, "இங்க வெய்யி அம்மிணி"ன்னாரு. முப்பத்தி நாலு வருசம் அந்த எடத்தை உட்டு அசையலை. எம்பட ஊட்டுக்காரரு தவறுனப்பகூட அதை யாரும் அசைக்கலை. இவ அதை அனாதையாட்டம் நடுவுல நிக்க வெச்சு, மேல பழைய பேப்பரைப் போட்டு மூடி வெச்சிருந்தா.

அப்பறம் என்னாச்சுன்னா, ஒண்ணும் ஆவலை. நான் பழனியில இருந்து வந்து எறங்கறப்ப மணி மூணு. பூபதிக்கு அன்னைக்கு மொத ஷிப்டு, மில்லுல இருந்து அவனும் மூணு மணிக்கு வந்தான். உள்ள போய்ப் பாத்தா பீரோ சுவத்தோட சேந்திருக்கு, அவ கீழ உக்காந்து வயித்தைப் புடிச்சுட்டு இருக்கறா. ஒத்தையில தள்ளியிருக்கா, புத்தி கெட்டவ. உள்ள ரெண்டு மாசத்துப் புள்ளை. எங்க யாருக்கும் தெரியாது. ரூமு அடிச்சு முடிச்சப்பறம் பூபதிகிட்டச் சொல்லலாமுன்னு வெச்சிருந்தாளாம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறதுக்குள்ள எல்லாம் போயிருச்சு.

நீங்களே சொல்லுங்க. மாசமா இருக்கற பொம்பளை இருக்கற ஊட்ல ஆணி அடிக்கலாமா? சுவத்துல கை வெக்கலாமா? செங்கல்லைக்கூடப் பேக்கக் கூடாதுன்னு பச்சைப் புள்ளைக்கும் தெரியும். உங்க ஊட்ல பாக்க மாட்டீங்களா? பாருங்க, நீங்களும் பாப்பீங்க. அதைத்தான் நான் சொன்னேன். ஆஸ்பத்திரியில வெச்சுச் சொன்னேன், அவங்கம்மா வந்தப்பச் சொன்னேன், துக்கம் விசாரிக்க வந்தவங்ககிட்டெல்லாம் சொன்னேன். "கலரு அடிக்கறேன்னு கருவைக் கலைச்சுட்டா"ன்னு. அவளும் தலையைக் குனிஞ்சுட்டே, "ஆமாங்க அத்தை, நான் அடிச்சிருக்கக் கூடாது"ன்னா. அவளே ஒத்துக்கிட்டாங்க தம்பி. அப்பறம் எனக்கென்ன வெசனம்?

அந்த வாரமே அவங்கம்மா கூட்டிட்டுப் போனாங்க. போறப்ப இந்த ரூமு வாசல்ல நின்னு ஒரு தடவ சுவத்தைப் பாத்தா. பீரோவைப் பாத்தா. எம்மூஞ்சியைப் பாக்கலை. போனவ போனவதான்.

இந்தாங்க, தண்ணி குடிங்க. மணி என்ன ஆச்சு? ரெண்டே காலா? அப்ப இன்னும் இருக்குது.

இல்லீங்க, சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். முன்னாடி வந்த பெயிண்டருக மூணு பேர்த்துகிட்டயும் சொல்லலை. தெனமும் மூணு மணிக்குங்க தம்பி, இந்த ரூமுக்குள்ள ஒரு சத்தம் வருது. கர்ர்ருன்னு இரும்பு தரையில இழுபடற சத்தம். ஒரு முழம் தூரம் இழுபடும். அப்பறம் நிக்கும். நான் அடுப்படியில பாத்திரத்தை வெச்சுட்டு அப்படியே நிப்பேன். சித்தெ நேரம் கழிச்சு மறுபடியும் வரும், இந்தத் தடவ வேகமா. சுவத்துல முட்டறதோட சரி. வந்து பாத்தா பீரோ இருக்கற எடத்துலதான் இருக்கும். எலியா இருக்குமுன்னு மருந்து வெச்சேன். கோயில்ல மந்திரிச்சுக் கயிறு கட்டுனேன், அதா, கைப்புடியில தொங்குது பாருங்க. ஈஸ்வரிகிட்டக் கேட்டேன், அவ ஊட்டுச் சுவரும் இதுவும் ஒண்ணுதானே. "எனக்கு ஒண்ணும் கேக்கலைங்கக்கா"ங்கறா. அவ எங்கூடப் பேசறதே கொறைஞ்சு போச்சு இப்ப.

பூபதி இந்த ரூமுல படுக்கறதில்லை. ஹால்லதான் பாயைப் போட்டுக்குவான். மொத ஷிப்டு முடிஞ்சா ரெண்டு மணிக்கு மில்லு உட்டுரும், மூணு மணிக்கு ஊட்டுக்கு வந்தர்லாம், ஆனா வர மாட்டான். பேக்கரியில உக்காந்துட்டு ஆறு மணிக்குத்தான் வருவான். தட்டைப் போட்டாத் திம்பான், கேட்டதுக்கு மட்டுந்தான் பேச்சு. கோவமெல்லாம் இல்லைங்க, நல்ல பையன். எங்கிட்ட அவனுக்கு என்ன கோவம்? இந்தக் கலருதான் அவனைப் புடிச்சு ஆட்டுது. அதுக்குத்தான் சொல்றேன். கலரு போச்சுன்னா அவனும் சரியாயிருவான், வர்ற பொண்ணும் சந்தோசமா இருக்கும். எனக்கு வேற யாருங்க இருக்கறாங்க? இருக்கறது ஒரு பையன்.

என்னது? ஓதமா, சுவத்துக்குள்ள ஈரமா? பீரோவுக்குப் பொறத்தாலயா?

ஓதம் அங்கிருந்து ஏறித்தான் இந்தச் சுவரு பூராவும் பெயிண்டு நிக்காம போவுதுங்கறீங்களா. அதை நவுத்தி, சொரண்டி, காய வெச்சு அடிக்காம எத்தனை தடவ அடிச்சாலும் இதே கதைதான். ம். முன்ன வந்தவங்களும் நவுத்தச் சொல்லிக் கேட்டாங்க. நான்தான் வேண்டாம்னுட்டேன். முட்டி வலிங்க எனக்கு, ஒத்தாசைக்கும் ஆளில்லை. குடத்தைத் தூக்கவே முடியறதில்லை, பீரோவை எங்க நவுத்தறது? ஆஸ்பத்திரியிலகூட அதைத்தான் சொன்னேன் பூபதிகிட்ட. "நான் இருந்திருந்தாலும் என்னால புடிச்சிருக்க முடியாதேடா, எனக்கு ஒரு சொம்பைத் தூக்கினா கை நடுங்குதே"ன்னு.

பழனிக்கு நடந்து போறனேங்கறீங்களா? அது சாமி காரியம். அது வேற முட்டி.

கீழ என்னத்தைங்க தம்பி பாத்துட்டு இருக்கறீங்க? கீறலா? பழசு. காவித் தரைன்னா கீறல் உழுகறதுதான். என்ன? பாதி தூரம் மெல்லிசா வளைஞ்சு வளைஞ்சு வருது, மீதி ஆழமா நேராப் போவுதுன்னா? அதெல்லாம் இருக்கும். நீங்க பெயிண்டருங்களா, போலீசுங்களா?

உக்காருங்க. சித்தெ உக்காருங்க. நானும் உக்காந்துக்கறேன்.

உங்க பேரு என்னன்னீங்க? அந்தோணிசாமிங்களா. உங்க ஊரு சென்னிமலைப் பக்கமா. சரி. நாளைக்கழிச்சு வேலை முடிஞ்சா நீங்க யாரோ நான் யாரோ.

நான் பஸ்ஸு எறங்கினது ரெண்டு மணிங்க.

வாசப்படியிலயே பெயிண்டு வாசம் அடிச்சுது. உள்ள வந்தேன். பையைக் கீழ வெச்சேன். ரூமுக்குள்ள அவ நிக்கறா, தலையில துணி கட்டிக்கிட்டு, மூஞ்சியெல்லாம் கத்திரிப்பூப் பொட்டு. "அத்தை, வாங்க, எப்படி இருக்குதுங்க?"ன்னு கேட்டா. அதே சிரிப்பு. எனக்கு சுவரு கண்ணுல படலைங்க. நடுவுல நிக்கற எம்பட பீரோதான் பட்டுச்சு. நாலு நாளு நடந்த காலு, வெயிலு, பசி. "யாரைக் கேட்டு இதைத் தொட்டே?"ன்னேன். "அடிக்கறதுக்காகத்தானுங்க அத்தை. மூணு மணிக்கு அவரு வந்துருவாரு. சேந்து தள்ளி வெச்சர்றோம்"ன்னா. நான் சொன்னேன், "இழுக்கத் தெரிஞ்சவளுக்குத் தள்ளத் தெரியாதா?"

அவ்வளவுதாங்க சொன்னேன். கைய நீட்டலை. கெட்ட வார்த்தை பேசலை.

மிச்சமிருந்த மூலையை அடிச்சு முடிச்சுட்டு, மூணாவறதுக்குச் சித்தெ முந்தி அவ தள்ள ஆரம்பிச்சா. நான் வாசல்ல நின்னு பாத்துட்டு இருந்தேன். உள்ள என்ற சீலை பூராவும் இருக்குது, சும்மா கனமா அது? பாதி தூரம் வந்ததும் நின்னுட்டா. "அத்தை, ஒரு நிமிசங்க"ன்னு சொல்லிட்டுக் கீழ உக்காந்தா. மூஞ்சி வெளுத்துப் போச்சு. "நடிக்காதே"ன்னேன். அவ எந்திரிக்கலை. அந்த ஆத்தரத்துல மீதித் தூரத்தை நான் தள்ளுனேன். ஒரே தள்ளுல போயி சுவத்துல முட்டுச்சு. அத்தனை பலம் எங்கிருந்துதான் வந்துச்சோ. ரெண்டு பேருமா அப்பிடியே தள்ளியிருந்தா அரை நிமிசத்து வேலைங்க அது.

இன்னொண்ணு இருக்குது. இதைப் பழனியாண்டவங்கிட்டகூட நான் சொன்னதில்லை. ரெண்டு மாசமா அவ தலைக்கு ஊத்தலைங்க. எனக்குத் தெரியும். ஒரே ஊட்ல இருக்கற மாமியாக்காரிக்கு அது தெரியாம இருக்குமா? இவ வாயைத் தொறந்து எங்கிட்டச் சொல்லலையேங்கற காந்தல் இருந்துச்சு. அந்தப் பழனி நடையே அதுக்குத்தாங்க வேண்டிக்கிட்டுப் போனேன். நல்லபடியா நிக்கோணும் முருகான்னு நாலு நாளும் சொல்லிச் சொல்லித்தான் நடந்தேன்.

அப்பறம் வெளிய வண்டிச் சத்தம் கேட்டுச்சு. பூபதி வண்டி. கீழ வெச்சிருந்த பையைக் கையில எடுத்துக்கிட்டேன். ஏன் எடுத்தேன்னு கேட்டாத் தெரியாது. "நானும் இப்பத்தாண்டா உள்ள வர்றேன்"னு சொன்னேன். கீழ உக்காந்திருந்தவ தலையைத் தூக்கி என்னைப் பாத்தா. ஒண்ணும் சொல்லலை. அன்னைக்குஞ் சொல்லலை, இன்னைக்கு வரைக்குஞ் சொல்லலை. சொல்லியிருந்தா நான் நிம்மதியா அவளைத் திட்டிட்டு இருந்திருப்பேன்.

மணி என்ன? முக்காலா? இன்னும் கால் மணி நேரம்.

தம்பி, வேண்டாங்க. ஏனுங் எந்திரிச்சீங்க? சரி, ஓதம், புரியுது. புரியுதுங்க. ஐயோ, ஒத்தையில தள்ளாதீங்க! நில்லுங்க. ஒத்தையில வேண்டாம், கையை எடுங்க அதுல இருந்து. நான் இந்தப் பக்கம் புடிக்கறேன். முட்டியும் மண்ணாங்கட்டியும். நீங்க அந்த மூலையைப் புடிங்க. கயிறு போனாப் போவட்டும், அறுத்துப் போடுங்க. தள்ளுங்க. ம். இன்னும் சித்தெ. இதே சத்தந்தாங்க, கேக்குதுங்களா, இதே சத்தந்தான். நிறுத்தாதீங்க, நடுவுல மட்டும் நிறுத்தாதீங்க.

அடிப்பாவி.

இத்தனை நாளு இது இங்கியே இருந்துச்சா. கீழ ஓதம் ஏறியிருக்குது, மேல பாருங்க, நேத்து அடிச்சாப்ல இருக்குது. ஒரு தூசி இல்லை, ஒரு கோடு இல்லை. எத்தனை சுத்தமா அடிச்சிருக்கறா. மூலையில பாருங்க தம்பி, அங்க பிரஷ்ஷு போகாது, சின்னத் துணியைச் சுத்தித் தொட்டுத் தொட்டு வெச்சிருக்கா. யாரும் பாக்காத எடம்னு தெரிஞ்சும் அடிச்சிருக்கறா. நாங்கூட இப்பத்தான் இந்தக் கலரைப் பாக்கறேன். அன்னைக்கு நான் சுவத்தைப் பாக்கவே இல்லை. "எப்படி இருக்குதுங்க அத்தை"ன்னு கேட்டா, நான் பதிலே சொல்லலை.

நல்லா இருக்குது. நல்லாத்தான் இருக்குது சாமி. புள்ளை தூங்கறதுக்கு இதமான கலரு.

இல்லீங்க, நான் அழுவலை. சுண்ணாம்புத் தூசி. இருங்க, திரும்பி நின்னு மூஞ்சியைத் தொடச்சுக்கறேன்.

பூபதி.

எப்படா வந்தே? வண்டிச் சத்தமே கேக்கலையே. பேக்கரிக்குப் போகலியா? ஏன்டா அங்கியே நிக்கறே, உள்ள வா. பெயிண்டரு வந்திருக்காரு, ஓதம் இருக்குதுன்னாரு, அதுக்காகத்தான். எதைப் பாக்கறே? என்ற கையையா? இல்லடா, அவருதான் தள்ளுனாரு. நான் சும்மா பேருக்குக் கை வெச்சேன். இல்லீங்களா தம்பி?

என்ன கேட்டே? சத்தமாக் கேளுடா.

"தள்ளத் தெரியுமாம்மா உனக்கு?"ன்னா கேக்கறே?

தம்பி, நீங்க பதில் சொல்ல வேண்டாம். சித்தெ வெளிய போயி நில்லுங்க. கதவைச் சாத்த வேண்டாம், தொறந்தே இருக்கட்டும்.

பூபதி, இப்படி உக்காரு. அன்னைக்கு நான் மூணு மணிக்கு வரலைடா. ரெண்டு மணிக்கே வந்துட்டேன்.